அண்ணி அளவுக் கார்

எங்கள் பட்டறையில் செய்யும் கார் எதிலும் என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. அண்ணனாலும் முடியாது. முப்பத்தொரு வருடமாகக் கார் செய்து விற்கிறோம், முதலாளிகள் இரண்டு பேருக்கும் அதில் இடமில்லை. இதைச் சொன்னால் நான் ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். தத்துவமெல்லாம் ஒன்றுமில்லை. முழங்கால் இடிக்கிறது, அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர்கள் எப்போது வந்தாலும் அண்ணனை பானெட்டின் மேல் கை வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். பக்கத்தில் நான், கையில் சுத்தியலோடு. 'இரு சகோதரர்களின் கனவு' என்று தலைப்புப் போடுவார்கள். கனவாவது மண்ணாவது. எங்கள் கம்பெனியின் கதையை ஒழுங்காக எழுத வேண்டுமென்றால் அண்ணியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர் எந்தப் படத்திலும் இல்லை. படம் எடுக்கும் நேரத்தில் உள்ளே சீட் தைத்துக்கொண்டிருப்பார்.

அண்ணியின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். ஒன்பதரை என்பது அவர் கட்சி. அந்த அரை அங்குலத்தை யாராவது குறைத்துச் சொன்னால் அன்று முழுக்கப் பேச மாட்டார். அண்ணன் ஆறடி. கல்யாணப் படத்தில் போட்டோக்காரர் அண்ணியை ஒரு பலகை மேல் ஏற்றி நிறுத்தியும் தோள் வரைக்கும்தான் எட்டியது. அந்தப் படத்தை அண்ணன் மாட்டி வைத்திருக்கிறார். அண்ணி அதன் முன்னால் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார்.

ஆரம்பத்தில் அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் ஒரு டிங்கர் கடையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி பள்ளிச் சீருடை தைப்பார். அண்ணனுக்கு ஒரே ஆசை: கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னக் கார் ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும். ஒரு பேக்கரிக்குப் பின்னால் ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். காலையில் ரொட்டி வேகும் வாசனை, சாயங்காலம் வெல்டிங் புகை. வீட்டை விட அங்கே வெளிச்சம் அதிகம் என்று அண்ணியும் தையல் மெஷினைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் போட்டுவிட்டார்.

காரின் இரும்புச் சட்டம் தயாரானதும் ஸ்டீயரிங்கை எங்கே வைப்பது, பெடலை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. யாராவது உட்கார்ந்தால்தான் அளவு தெரியும். அண்ணன் உட்கார்ந்தால் குறி போட ஆளில்லை. நான் உட்கார்ந்தால் விளக்குப் பிடிக்க ஆளில்லை. அண்ணி அப்போதுதான் ஒரு கட்டுச் சட்டைகளுக்குக் காலர் வைத்து முடித்திருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சட்டத்தின் மேல் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, "ஓட்டுற மாதிரி உட்காரு" என்றார் அண்ணன். அண்ணி உட்கார்ந்தார். கால் பதிந்த இடம், கை நீண்ட இடம், கண் மட்டம் எல்லாவற்றையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டோம். மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்தக் குறியை வைத்து அண்ணன் பெடலையும் ஸ்டீயரிங்கையும் பற்றவைத்தார். அதற்கு மேல் நான் நாலு மாதம் அலுமினியத் தகடு தட்டி பாடி கட்டினேன். பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஏறினார். பாதிதான் ஏற முடிந்தது. அதற்கு மேல் போகவும் இல்லை, இறங்கவும் வரவில்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். யாரை வைத்து அளவெடுக்கிறோம் என்று அந்த நாலு மாதத்தில் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஒரு நாள் கூட உறைக்கவில்லை. பஸ்ஸைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்கும் தகரத்தைப் பட்டு மாதிரி வளைக்கும் டிங்கரும் சேர்ந்து செய்த வேலை அது. அண்ணன் என்னைத் திட்டினார், நான் அண்ணனைத் திட்டினேன். அண்ணி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பிரித்துத் திருப்பிக் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனை மருந்துக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். அவரும் அண்ணி உயரம்தான். சும்மா ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டு ஏறினார். இறங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம், வண்டிக்குள் உட்கார்ந்தே குடித்தார். கிளட்சை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். பிறகு சன்னமான குரலில், "இருபது வருஷமா முதுகுக்கு ரெண்டு தலகாணி வச்சு ஓட்டுறேன். இன்னைக்குத்தான் கால் தரையில இருக்கு" என்றார். முதல் கார் அவருக்குப் போனது.

அவர் சும்மா இருக்கவில்லை. தன் உயரக்காரர்கள் எல்லோரையும் அனுப்பி வைத்தார். உலகத்தில் இத்தனை குள்ளமானவர்கள் கார் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. ஸ்டீயரிங் வளையத்துக்குக் கீழே எட்டிப் பார்த்து ஓட்டுகிறவர்கள், பெடலில் மரக்கட்டை கட்டி ஓட்டுகிறவர்கள், சீட் நுனியில் தொற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். வருடத்துக்கு ஏழு கார், நல்ல வருடமாக இருந்தால் எட்டு. இன்றுவரை இருநூற்றுப் பதினாறு. ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு நாங்கள் கார் செய்வதில்லை. நெட்டையான ஆள் யாராவது வந்து கெஞ்சினால், ஊரில் இருக்கும் மற்ற கார் எல்லாம் உங்களுக்குத்தானே என்று அண்ணி ஜன்னலோரத்தில் இருந்தே சொல்லி அனுப்பிவிடுவார்.

ஒவ்வொரு காருக்கும் சட்டம் முடிந்ததும் அண்ணி வந்து உட்கார வேண்டும். அது எங்கள் வழக்கம். அளவு ஏட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் அண்ணி உட்காராமல் அண்ணன் வெல்டிங் பற்றவைக்க மாட்டார். அவர்களுக்கு மகள் பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் செய்த ஐந்து கார்களில் ஸ்டீயரிங் மூன்று அங்குலம் முன்னால் தள்ளியிருக்கும். வயிறு இடிக்கிறது என்று அண்ணி சொன்னார், அண்ணனும் மறு பேச்சில்லாமல் தள்ளி வைத்தார். இன்றைக்குத் தொப்பை போட்ட குள்ளர்கள் அந்த ஐந்து கார்களை ஊர் ஊராகத் தேடி அலைகிறார்கள்.

கார் முடிந்ததும் அண்ணன்தான் ஓட்டிப் பார்ப்பார். காது வரைக்கும் முழங்கால் ஏற, வெட்டுக்கிளி மாதிரி மடங்கி உட்கார்ந்துகொண்டு நாற்பது கிலோமீட்டர் போய் வருவார். பக்கத்து சீட்டில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். இடது பக்கம் ஏதோ முனகுகிறது, முதுகுக்குக் கீழே ஒரு நடுக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொன்ன இடத்தில் பிரித்தால் அங்கே ஒரு நட்டு தளர்ந்திருக்கும்.

போன வருடம் டீச்சர் வந்தார். பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை. அண்ணியை விட ஓர் அங்குலம் குறைவு, குரல் மட்டும் மைதானத்தின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். பச்சைக் கார் வேண்டும் என்றார். ஓய்வு பெறும் நாளில் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாக வெளியே போக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த நாளுக்கு மூன்று மாதம் இருக்கும்போதே கார் தயாராகிவிட்டது. எடுத்துப் போக வந்தவர் உட்கார்ந்து பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்துபோனது. பிறகு இறங்கி அண்ணியிடம் சாவியை நீட்டினார். உங்களுக்காகவே அளந்த வண்டி, முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றார்.

அண்ணி சாவியை வாங்கவில்லை. தனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்களைப் பார்க்கும் பார்வை. இருநூறு கார்களுக்கு மேல் அண்ணியின் அளவுக்குச் செய்த நாங்கள், ஒரு நாள் கூட, நீ ஓட்டுகிறாயா என்று கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. அந்த அம்மா ஓட்டி வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினால்தான் காரை எடுத்துக்கொள்வேன் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது அண்ணி சொன்னார். பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு முன்னால், லைசென்ஸ் எடுக்கப் போயிருக்கிறார். ஓட்டுநர் பள்ளியின் காரில் இரண்டு மெத்தை போட்டும் கால் எட்டவில்லை. சோதனை செய்த அதிகாரி கதவைத் திறந்துவிட்டு, வரிசையில் நின்ற நாற்பது பேர் கேட்க, முதலில் வளர்ந்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறார். நாற்பது பேரும் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

"இத்தன வருஷத்துல எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றார் அண்ணி.

அண்ணன் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

மறுநாளே அண்ணன் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் வயதாகி ஓட்ட முடியாமல் போனபோது முதல் காரை எங்களிடமே கொண்டுவந்து விட்டிருந்தார். அதில்தான் பாடம். இரண்டு நாள் நடந்தது. "பிரேக்கு, பிரேக்கு" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டோடு வெளியே ஓடி வந்தார். மூன்றாம் நாள் அண்ணி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் வண்டியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கடைசியில் டீச்சரே ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தார். பக்கத்தில் அவர் அளவாக உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அண்ணி அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

இரண்டாம் ஞாயிறு எங்கள் குட்டு வெளிப்பட்டது. எங்கள் கார்களில் கிளட்ச் பெடல் பிரேக்கை விட இரண்டு அங்குலம் ஓட்டுகிறவர் பக்கமாக இருக்கும். நெரிசலில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் கால் வலிப்பதில்லை என்று வாங்கியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு பத்திரிகைக்காரர் ஒரு முறை இதற்குக் காரணம் கேட்டார். இடுப்பின் கோணம், தொடை எலும்பின் நீளம் என்று அண்ணன் அரை மணி நேரம் அளந்துவிட்டார். அது அச்சிலும் வந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்திருக்கிறோம்.

டீச்சர் அன்று வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கிளட்ச மட்டும் இவ்வளவு அழகா எப்படி விடுறீங்க? மத்தவங்களுக்கு அதுதானே மாசக்கணக்குல வராது" என்றார்.

அதற்கு அண்ணி சொன்ன பதிலை நானும் அண்ணனும் ஷெட் வாசலில் நின்று கேட்டோம். முதல் காருக்கு அளவெடுத்த அன்று, ஓட்டுகிற மாதிரி உட்காரு என்று அண்ணன் சொன்னபோது, ஓட்டுகிறவர்கள் காலை எங்கே வைப்பார்கள் என்பதே அண்ணிக்கு மறந்துபோயிருந்தது. கேட்டால் பழைய கதை வெளியே வந்துவிடும். அதனால் தையல் மெஷினில் உட்காரும் மாதிரியே உட்கார்ந்துவிட்டார். வலது கால் முன்னால், இடது கால் கொஞ்சம் பின்னால், முதுகு நேராக. நாங்கள் அதைச் சுற்றி சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டோம்.

அண்ணன் உள்ளே போய்க் கண்ணாடிச் சட்டத்தில் இருந்த அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். தொடை எலும்பு பற்றிச் சொன்னது தப்பில்லையே என்று பூசி மெழுகினார். நான் மூன்று நாள் அவரை 'எலும்பு டாக்டர்' என்றே கூப்பிட்டேன். நாலாம் நாள் ஸ்பேனரைத் தூக்கினார், நிறுத்திக்கொண்டேன்.

டீச்சர் ஓய்வு பெறுவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது சோதனைக்குத் தேதி கிடைத்தது. அண்ணிக்கு அன்று காலை டீ கூட இறங்கவில்லை. அதே அலுவலகம், அதே மைதானம். சுவருக்கு மட்டும் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். அந்தப் பழைய அதிகாரி எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் வரிசை இருந்தது. முப்பது பேருக்கு மேல், முக்கால்வாசிப் பேர் அண்ணியின் மகள் வயது. நானும் அண்ணனும் பஸ்ஸில் போயிருந்தோம். டீச்சர் அண்ணியோடு முதல் காரில் வந்து, அவரை உள்ளே விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிட்டார்.

அண்ணியின் முறை வந்தது. அதிகாரி வெளியே வந்தார். அண்ணன் உயரம், அண்ணனைப் போல ஒன்றரை மடங்கு அகலம். காரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், தன் வயிற்றையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் சொன்னார். "உங்களால ஓட்ட முடியாதுன்னு நான் சொல்லலம்மா. என்னால இதுல உட்கார முடியாது. ஆபீஸ் வண்டி நிக்குது, அதுல ஓட்டிக் காட்டுங்க, போதும்."

ஆபீஸ் வண்டி மதில் ஓரமாக நின்றது. பெரிய வெள்ளைக் கார். அண்ணி அதன் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார். வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அண்ணி கதவை மெதுவாகச் சாத்தினார். முடிந்தது, திரும்பி வீட்டுக்கு நடக்கப் போகிறார், இனி ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

அண்ணி நடந்தது அதிகாரியின் பக்கம். அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், நான் பிறந்ததுலேருந்து மத்தவங்க அளவுலதான் உட்கார்ந்திருக்கேன். பஸ்ஸு, பெஞ்சு, நாற்காலி எல்லாமே. நீங்க ஒரு அரை மணி நேரம் என் அளவுல உட்கார்ந்து பாருங்க."

குரலை உயர்த்தவில்லை, ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது. அதிகாரி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை உள்ளே விட்டு, குனிந்து, திரும்பி, இன்னொரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, எப்படியோ அடங்கிவிட்டார். முழங்கால் தாடையில் முட்டியது. காகித அட்டையை வைக்க இடமில்லாமல் தலைமேல் பிடித்துக்கொண்டார். வரிசை சிரித்தது. இந்த முறை அண்ணியும் சேர்ந்து சிரித்தார். வண்டி கிளம்பியது.

நானும் அண்ணனும் சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து வாசலைப் பார்த்தார். மேட்டில் நிறுத்தி எடுப்பாளா என்றார். எடுப்பார் என்றேன். பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டால் என்றார். நான் தட்டிச் சரிசெய்துவிடுவேன் என்றேன். வாயை மூடுடா என்றார். இருபத்தைந்து நிமிடம் கழித்து கார் உள்ளே வந்து, வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, ஒரு விரல் அளவு கூடப் பிசகாமல் நின்றது.

அதிகாரியை நானும் அண்ணனும்தான் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே எடுத்தோம். எங்களுக்குப் பழக்கமான வேலை. அவர் நிமிர்ந்து முதுகை நீவிக்கொண்டார். பானெட் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இந்த மாசம் நான் பார்த்ததுல நீங்கதாம்மா நல்லா ஓட்டினீங்க. என் காலுதான் மரத்துப் போச்சு" என்றார்.

அண்ணன் வாயெல்லாம் பல்லாகப் போய் அண்ணி பக்கத்துக் கதவைத் திறக்கப் பார்த்தார். வழக்கம் போல அவர் ஓட்ட, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவதாக நினைப்பு. அண்ணி கைப்பிடியை உள்ளிருந்தே பிடித்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துருங்க."

"நீ?"

"நான் கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்."

சொல்லிவிட்டுக் கிளட்சை மிதித்தார். வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் நகர்ந்து வாசலுக்குப் போனது. எங்கள் வீடு வலது பக்கம். இடது பக்கம் சிக்னல் எரிந்தது. அந்தப் பக்கம் ஊரைத் தாண்டிப் போகும் பெரிய சாலை.

"வீடு அந்தப் பக்கம்டா" என்றார் அண்ணன்.

"அவங்களுக்குத் தெரியாதா என்ன?" என்றேன்.

அண்ணன் வாசலுக்கு ஓடினார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்புக் கார், திறந்த கூரை, சீட்டுக்கு மேலே அண்ணியின் தலையும் தோளும் நேராக, அளவாகத் தெரிந்தன. எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, கியர் மாற்றிப் போய்க்கொண்டே இருந்தார். அண்ணனின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கக் கூட இல்லை.

"முப்பத்தொரு வருஷமா நான் உள்ளேயே உட்கார்ந்துட்டேன்டா. அவ ஓட்டி இப்பதான் பார்க்குறேன். இந்த வண்டி இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது."

கார் பாலத்தின் மேல் ஏறிச் சின்னதாகி, அந்தப் பக்கம் இறங்கி மறையும் வரைக்கும் நின்று பார்த்தோம். அப்புறம்தான் அண்ணனுக்கு மெக்கானிக் புத்தி திரும்பியது.

"டேய், பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"டேங்க் முழுக்க இருக்கு. காலையில அண்ணிதான் நிரப்பச் சொன்னாங்க."